எந்த உயிர் பெரிது?

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில், விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் என்ற இரு மாகாணங்களுக்கும் பொதுவாக ஒரு மலைத்தொடர் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் உச்சிகளைப் பனி மூடிவிடும். அங்கே பாறைக் குவியல்களின் இடுக்கில் ஒரு சின்னப் பிராணி வாழ்கிறது. மலைக் குள்ளப் பாஸம் என்பது அதன் பெயர். கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள ஜாதி. எடை சுமார் 45 கிராம். ஒரு கோழிமுட்டையின் கனம்கூட இல்லை. வசந்தம் பிறந்ததும் அதே மலைக்குச் சமவெளியிலிருந்து ஒரு பூச்சி பறந்து வருகிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த இறக்கை. திரும்பிப் பார்க்கத் தூண்டும் அழகு எதுவும் கிடையாது. அது போகாங் அந்துப்பூச்சி. முதலாவது, இரண்டாவதைத் தின்று வாழ்கிறது.

இன்று இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஸ்விட்ஸர்லாந்தில் தலைமை நிலையம் கொண்ட உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் என்ற ஒன்றை வைத்து வருகிறது. எந்தப் பிராணி எவ்வளவு தூரம் அழிவை நெருங்கியிருக்கிறது என்று படி படியாகக் குறித்து வைக்கும் கணக்கு அது. பாஸம் கடைசிக்கு முந்திய படிகளில் மிக மோசமான படியில், 'மிகக் கடும் அபாயம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. பூச்சியை 2021 டிசம்பரில் சேர்த்தார்கள். அதற்கு ஒரு படி மேலே, 'அபாயம்' என்ற தலைப்பில். தின்பதும் தின்னப்படுவதும் ஒரே ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கிற மாதிரி.

இந்தச் செய்தியை எடுத்துச் சொல்கிறவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்லி முடிக்கிறார்கள். பாஸம் பிழைக்க வேண்டுமானால் பூச்சி இருக்க வேண்டும். ஆகவே பூச்சியைக் காப்பாற்றுங்கள் என்று. நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்த 'ஆகவே' என்ற சொல் என் மனசில் முள்ளாகத் தைக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்திருக்கிறேன்.

உயிர்களை ஏணி கட்டி அடுக்கி வைப்பது மனிதனின் பழைய ஆசை. தொல்காப்பியம் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஒரு வரிசை சொல்லியிருக்கிறது. புல்லும் மரமும் முதல் படி. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு அறிவு. விலங்குக்கு ஐந்து. மனிதனுக்கு ஆறு. இறக்கை உள்ள பூச்சி என்பதால் நம் போகாங் தும்பியோடு சேரும் என்று வைத்துக்கொண்டால், பாஸத்தைவிட அதற்கு ஓர் அறிவு குறைவு; செவி இல்லை. அந்த வரிசையைச் சொன்னவர் புலன்களை அளந்தாரே தவிர, இதைக் கொன்றால் குற்றம், அதைக் கொன்றால் குற்றமில்லை என்று சொல்லவில்லை. பின்னால் வந்த நாம்தான் ஏணியைப் பார்த்ததும் மேலே இருப்பது உயர்ந்தது, கீழே இருப்பது தாழ்ந்தது என்று எடுத்துக்கொண்டோம்.

ஐரோப்பாவில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். 1758-இல் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பில் அமெரிக்காவின் ஒப்பாஸத்தைப் பன்றி, முள்ளெலி, மூஞ்சூறு ஆகியவற்றோடு ஒரே அறையில் போட்டு வைத்தார். அந்துப்பூச்சிகளையோ, ஒரு சிறு பிரிவு நீங்கலாக, ஒரே பெயரின் கீழ்க் கொட்டிவிட்டார். பிறகு 1770-இல் காப்டன் குக்கின் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஜோசப் பாங்க்ஸ் அங்கே பை வயிற்றுப் பிராணி ஒன்றைக் கண்டு, அதுவும் ஒப்பாஸத்தின் இனந்தான் என்று எழுதி வைத்தார். அந்தப் பெயர்தான் தேய்ந்து பாஸம் ஆயிற்று. உண்மையில் அமெரிக்க ஒப்பாஸத்துக்கும் ஆஸ்திரேலியப் பாஸத்துக்கும் உறவு பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. இப்போது இரண்டையும் வேறு வேறு வரிசையில்தான் வைக்கிறார்கள். நம் பாஸத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பெயரிலேயே 'எலி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எலியும் அல்ல.

பூச்சியின் பாடு இதைவிட மோசம். அந்துப்பூச்சி என்பது இயற்கையில் உள்ள ஒரு தனி வகுப்பே அல்ல. செதில் இறக்கைப் பூச்சிகள் என்ற பெரிய குடும்பத்தில் ஒரு கிளைக்கு வண்ணத்துப்பூச்சி என்று பெயர் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் 1,60,000 இனங்களையும் அந்து என்று ஒரே சொல்லில் அடைத்தோம். அழகாக இருப்பவை வண்ணத்துப்பூச்சி; மற்றதெல்லாம் மற்றது! தமிழிலும் இந்த அலட்சியம் உண்டு. அரிசிப் பானையில் இருப்பது அந்து. விளக்கில் விழுந்து சாவது விட்டில். அதே விட்டில் என்ற சொல்லால் பயிரை மேயும் வெட்டுக்கிளியையும் குறிக்கிறோம்.

சிவப்புப் பட்டியலும் மனிதன் வைத்த கணக்குத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. உலகத்தில் உள்ள பாலூட்டிகளில் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து அதில் குறித்துவிட்டார்கள். பெயரிடப்பட்ட பூச்சிகள் பத்து லட்சம் இனங்கள். அவற்றில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் பட்டியலை எட்டியிருக்கின்றன. மற்றவை செழித்திருக்கின்றனவா, செத்துக்கொண்டிருக்கின்றனவா என்று யாரும் கேட்கவில்லை. போகாங் பூச்சி பட்டியலில் ஏறியதே ஒரு பாக்கியம்.

இனி அந்தப் பூச்சியைக் கொஞ்சம் பார்க்கலாம். தெற்குக் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸின் மேற்குச் சமவெளிகளிலும் மண்ணுக்குள் அதன் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது. இரவில் வெளியே வந்து இளம்பயிரைத் தரையோடு தறித்துத் தின்னும். நம் குடியானவர்கள் வெட்டுப்புழு என்று சொல்வார்களே, அந்த ரகம். வசந்தத்தில் பூச்சியாகி மண்ணைவிட்டு வெளியே வந்ததும் கிளம்பிவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் வரை இரவுகளில் பறந்து, மலையுச்சியில் உள்ள சில குறிப்பிட்ட குகைகளைப் போய்ச் சேர்கிறது. அங்கே பாறைச் சுவரில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒரு சதுர மீட்டருக்குப் பதினேழாயிரம் என்ற கணக்கில், கோடை முழுவதும் தூங்குகிறது. இலையுதிர் காலம் வந்ததும் விழித்து, வந்த வழியே திரும்பி, பிறந்த சமவெளியில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது.

அதற்கு வழி காட்ட யாரும் இல்லை. தாயும் தகப்பனும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். இதற்கு முன் அந்தக் குகையைப் பார்த்த பூச்சி அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூடக் கிடையாது. எப்படிப் போகிறது? ஸ்வீடனில் லுண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த எரிக் வாரண்டும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் துருவிப் பார்த்தார்கள். பூமியின் காந்தத்தை அந்தப் பூச்சி உணர்கிறது என்று 2018-இல் சொன்னார்கள். 2025-இல் இன்னொன்று சொன்னார்கள். காந்த உணர்ச்சிக்கு இடமில்லாதபடி செய்த ஒரு கூடத்துக்குள் பூச்சியை வைத்து, மேலே நட்சத்திர வானத்தை மட்டும் காட்டினால், அந்தப் பருவத்தில் போகவேண்டிய திசையிலேயே அது பறக்கிறது. வானத்தைப் பாதி வட்டம் திருப்பிக் காட்டினால் பூச்சியும் திரும்பிவிடுகிறது. நட்சத்திரங்களைக் கலைத்துப் போட்டுக் காட்டினால் திக்குத் தெரியாமல் தவிக்கிறது.

அரிசி நொய்யைவிடச் சிறிய மூளை அதற்கு. அதற்குள் ஒரு வானம் இருக்கிறது. செவி இல்லை என்று ஏணிக் கணக்கில் சொன்னோமே, அதுவும் சரியல்ல. அந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு நெஞ்சுப் பகுதியில் காது உண்டு, வௌவாலின் குரலைக் கேட்டு ஒதுங்குவதற்காக. காந்தத்தை உணர்வது எத்தனையாவது அறிவு என்று நம் வரிசையில் இடமே இல்லை. ஆறறிவு படைத்த நாம் அதற்கு ஒரு திசைகாட்டிக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

பாஸத்தின் கதையும் சுவையானதுதான். 1890-களின் நடுவில் ராபர்ட் புரூம் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் நியூ சவுத் வேல்ஸ் குகை ஒன்றிலிருந்து அதன் எலும்புகளைக் கண்டெடுத்தார். எப்போதோ அற்றுப்போன பிராணி என்றுதான் எழுபது வருஷம் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 1966 ஆகஸ்டில், ஹோதம் மலையில், பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் தங்கும் ஒரு விடுதிக்குள் அது உயிரோடு அகப்பட்டது. செத்தவர் கணக்கில் எழுதிய ஆள் வாசற்படியில் வந்து நின்றதுபோல. இன்று பெரியவை சுமார் 2,000 இருக்கலாம் என்கிறார்கள். பனிக்குக் கீழே பல மாதம் தூங்கி, பட்டினியோடு விழித்தெழும் தாய்க்கு அந்த நேரத்தில் வந்திறங்கும் கொழுத்த பூச்சிதான் ஆகாரம். அதைத் தின்றுதான் நான்கு குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது. நான்குதான்; அதற்குமேல் முலைக்காம்பு இல்லை.

2017 முதல் 2019 வரை சமவெளியில் கடும் வறட்சி. புழுவுக்கு மேய்ச்சல் இல்லை. ஒரு காலத்தில் பல நூறு கோடி என்று மதிப்பிட்ட கூட்டம் சில குகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குறைந்துபோயிற்று. விஞ்ஞானிகள் விளக்கை எடுத்துக்கொண்டு போனால் சுவர் வெறுமையாக இருந்தது. அந்த வருஷங்களில் பல தாய்ப் பாஸங்களின் பைக்குள் குட்டிகள் பாலில்லாமல் செத்துக் கிடந்தன. பிறகு மழை பெய்தது. பூச்சி கொஞ்சம் மீண்டது. பழைய கூட்டம் மீளவில்லை.

இந்த இடத்தில்தான் பிஸ்கோத்து வருகிறது. பூச்சி வராத வருஷத்தில் பாஸம் என்ன செய்யும் என்று கவலைப்பட்ட விக்டோரியாவின் மிருகக்காட்சிசாலைக்காரர்கள், போகாங் பூச்சியில் என்னென்ன கொழுப்பும் சத்தும் இருக்கின்றன என்று கணக்கிட்டு, அதற்குச் சமமாக ஒரு பிஸ்கோத்துத் தயாரித்தார்கள். போகாங் பிஸ்கோத்து என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 2019-20 கோடையில் பெருங்காட்டுத்தீ அந்த மலைகளைச் சுட்டபோது நியூ சவுத் வேல்ஸ் பக்கத்தில் அதைப் பாறைகளிடையே வைத்துக் கொடுத்தார்கள். தீயில் பிழைத்த பிராணிக்கு ஒரு வாய் உணவு. அந்தக் காரியத்தில் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. பட்டினி கிடப்பதற்கு முன்னால் தத்துவம் பேசுகிறவனை நான் மதிப்பதில்லை.

ஆனாலும் அந்தப் பிஸ்கோத்து, 'ஆகவே' என்ற சொல்லின் முகமூடியைக் கழற்றிவிடுகிறது. பாஸத்துக்கு உணவாவதால்தான் பூச்சிக்கு மதிப்பு என்றால், நல்ல பிஸ்கோத்து ஒன்று கிடைத்த அன்றே பூச்சியின் மதிப்புத் தீர்ந்தது. பெட்டி பெட்டியாகச் செய்து மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டால், பல நூறு கோடிப் பூச்சி அற்றுப்போனாலும் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இப்படிச் சொல்லிப் பார்க்கும்போது ஏதோ தவறு என்று மனசு சொல்கிறதல்லவா? அந்தத் தவறு எங்கே இருக்கிறது? பூச்சிக்கு நாம் கொடுத்த மதிப்பு முழுவதும் இரவல் மதிப்பு. பாஸத்திடமிருந்து வாங்கிப் பூச்சிக்குப் பூசியது. தாசில்தாருக்கு வேண்டியவன் என்பதற்காக ஒருவனுக்கு நாற்காலி போடுவதைப் போன்ற மரியாதை.

சரி, பாஸத்துக்கு மட்டும் நாம் கொடுக்கும் மதிப்பு எங்கிருந்து வந்தது? நாவல் எழுதுகிறவனுக்கு இது ஓரளவு தெரியும். பஞ்சத்தில் பதினாயிரம் பேர் மாண்டார்கள் என்று ஒரு வாக்கியம் எழுதினால் வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்து, அதற்கு ஒரு கிழிந்த பாவாடையைக் கொடுத்து, அது பசியில் அழுவதை எழுதினால் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருப்பார். கருமணியான இரண்டு கண், துடிக்கும் மீசை, கைவிரலால் விதையைப் பிடித்துக் கடிக்கும் பாவனை: பாஸத்துக்கு முகம் இருக்கிறது. பூச்சிக்கும் முகம் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லை. இதை வைத்துப் பாஸத்தின்மேல் உள்ள பரிவு பொய் என்று சொல்லிவிட மாட்டேன். முகத்தைப் பார்த்துத்தான் மனிதன் இரங்கக் கற்றுக்கொள்கிறான். அதைத் தவிர வேறு பள்ளிக்கூடம் அவனுக்குக் கிடையாது. முகம் இல்லாத இடத்திலும் நீதி இருக்கக்கூடும் என்பதைத்தான் அவன் அப்புறமாக, கஷ்டப்பட்டு, கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டு அறநூல்கள் கொல்லாமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. அந்த அறத்தில் கொல்கிறவன் ஒருவன் இருக்கிறான், கொல்லப்படும் உயிர் ஒன்று இருக்கிறது. அவன் கையைத் தடுப்பதுதான் அறம். போகாங் பூச்சியின் விஷயத்தில் அந்தக் கை யாருடையது? மழை பொய்த்தது. வெப்பம் ஏறியது. மேய்ச்சல் நிலம் உழவு நிலமாயிற்று. பூச்சிமருந்தின்மேலும் சந்தேகம் இருக்கிறது. மலைக் குகையின் வாசலில் புல் கருகிப்போனது ஏன் என்று தேடியபோது, சமவெளியின் பாஷாணத்தைப் பூச்சிகளே உடம்பில் சுமந்து வந்து அங்கே செத்துக் கொட்டியிருக்கின்றன என்று 2001-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இவற்றில் எதையும் பூச்சியைக் கொல்ல வேண்டும் என்று மலையை நினைத்து யாரும் செய்யவில்லை. கொல்லா விரதம் பூண்ட ஒருவர் மாலையில் மாடியில் மின்சார விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் நாம் குற்றம் காண முடியுமா? குற்றவாளி இல்லாத சாவுக்கு நம் அறத்தில் அத்தியாயம் இல்லை. எழுதத்தான் வேண்டும், எப்படி எழுதுவது என்று எனக்குப் புலப்படவில்லை.

குடியானவன் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். விடிந்து எழுந்து வயலுக்குப் போனால் முளைத்த பயிர் வரிசை வரிசையாகத் தறிபட்டுக் கிடக்கிறது. இந்தப் புழுதான் ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நட்சத்திரம் பார்க்கப் போகிறது என்று அவனுக்குச் சொன்னால், போகட்டும், என் கடனையும் கொண்டு போகட்டும் என்பான். அவனை வில்லனாக்கி எழுதுவது சுலபம், நேர்மையாகாது. அவனுடைய கணக்குப் புத்தகத்தில் அது 'பீடை'. சங்கத்தின் பட்டியலில் அது 'அபாயத்தில் உள்ளது'. ஒரே உயிருக்கு இரண்டு பெயரும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன.

பாஸத்தைக் காப்பாற்றுவதில் உள்ள வசதி பூச்சியைக் காப்பாற்றுவதில் இல்லை என்பதும் இந்த விஷயத்தில் முக்கியம். ஹோதம் மலையில் சாலை குறுக்கிட்டு ஆணையும் பெண்ணையும் பிரித்தபோது, 1980-களில் சாலைக்கு அடியில் சுரங்க வழி ஒன்று போட்டார்கள். காதல் சுரங்கம் என்று வேடிக்கையாக அதற்குப் பெயர். புல்லர் மலையில் 1996-இல் கண்டுபிடித்த பாஸங்கள் பத்து வருஷத்தில் சில டஜன்களாகச் சுருங்கியபோது, 2011-இல் வேறு மலையிலிருந்து சில ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புது ரத்தம் கலந்தது; குட்டிகள் திடமாகப் பிறந்தன; தொகை ஏறியது. எண்ணிப் பார்க்கக்கூடிய உயிருக்கு எண்ணிச் செய்யக்கூடிய உதவி. பூச்சிக்கு இப்படிப் பத்து மாப்பிள்ளைகளை மூங்கில் கூடையில் கொண்டுபோய் விட முடியுமா? பல லட்சம் ஏக்கர் நிலமும், பருவத்து மழையும், இருட்டான வானமும் கூடினால்தான் அது பிழைக்கும். அதன் வாழ்க்கையே கூட்டமாக இருப்பது. கடைசி இரண்டாயிரம் பூச்சியைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காப்பாற்றினாலும் அந்தக் குகைச் சுவரைக் காப்பாற்றியதாகாது.

வானத்தின் இருட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. தலைநகரமான கான்பெராவில் 1988-இல் திறந்த பார்லிமெண்டுக் கட்டிடத்தின் விளக்குகளில் இந்தப் பூச்சி வருஷா வருஷம் மோதி விழுந்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக் நடந்தபோது மைதானத்து விளக்குகளை மொய்த்தது. நிறைவு விழாவில் பாடிய அம்மாளின் உடையில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். இப்போது விக்டோரியாவில், பூச்சி பறக்கும் வசந்த மாதங்களில் வெளிவிளக்குகளை அணைத்து வையுங்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். விளக்கில் விழும் விட்டில் என்று நாம் காலங்காலமாக அதன் மடமைக்கு உவமை சொல்லி வந்திருக்கிறோம். விட்டில் நட்சத்திரம் என்று நம்பித்தான் வந்ததோ என்னவோ, எதிரில் விளக்கை வைத்தவர்கள் நாம்.

இந்தப் பூச்சியை உண்மையாக மதித்தவர்கள் யார் என்று தேடினால், விடை சங்கடமாக வருகிறது. அதைத் தின்றவர்கள்! வெள்ளைக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த நாட்டு ஆதிக்குடிகள், பல கூட்டத்தார், கோடையில் மலையேறிக் கூடுவார்கள். குகைச் சுவரிலிருந்து பூச்சியைச் சுரண்டி எடுத்து, சூடான சாம்பலில் புரட்டி, இறக்கையைப் புடைத்து நீக்கி, இடித்து அடையாகத் தட்டிச் சாப்பிடுவார்கள். கலியாணப் பேச்சும் வழக்குத் தீர்ப்பும் சடங்கும் அங்கேயே நடக்கும். ஜார்ஜ் பென்னட் என்ற ஆங்கில வைத்தியர் தாம் கண்டதை 1834-இல் புத்தகமாக எழுதியிருக்கிறார். அண்மையில் குனைகுர்னை மக்களின் நிலத்தில் உள்ள கிளாக்ஸ் குகையில், அவர்களுடைய சம்மதத்தோடு, தோண்டி எடுத்த ஓர் அரைகல்லில் இந்தப் பூச்சியின் எச்சம் ஒட்டியிருந்தது. 2,000 வருஷம் வரை பழமையானது. அத்தனை தலைமுறை தின்றும் குகைச் சுவர் வெறுமையாகிவிடவில்லை.

அவர்களை ஜீவகாருண்யர்கள் என்று சொல்ல வரவில்லை. பூச்சி எந்த வாரத்தில் வரும், எந்தப் பாறையில் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வராத வருஷம் அவர்களுக்கும் பசித்த வருஷம். போகாங் என்ற பெயரே அவர்களுடைய பேச்சிலிருந்து வந்ததுதான். விக்டோரியாவின் மிக உயர்ந்த சிகரம், 1,986 மீட்டர், பூகோளப் படத்தில் இன்றும் அந்தப் பூச்சியின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.